பத்து ரவுண்ட் ஓடினால் எழுபதாவது நிமிடம் தாங்குமா?

எங்கட ஊர்களில் உதைபந்தாட்ட ரீம் ஒன்று தோற்றால் காரணம் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் காணும். "பொடியளுக்கு ஸ்ரமினா இல்ல." கோச் சொல்வார், கோச்சுக்குப் பின்னால் நிற்கிற பழைய பிளேயர் சொல்வார், மதிலில் இருந்து மட்ச் பார்த்த ஐயாவும் சொல்வார். நோய் இதுதான் என்று முடிவானதும் மருந்தும் கையோடு தயார். அடுத்த நாள் பின்னேரம் பந்துகள் வலைப்பைக்குள்ளேயே கிடக்கும். பொடியள் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்ட் ஓடுவார்கள். பிந்தி வந்தவனுக்குப் பதினைந்து. ஓரமாய்ப் போய்ச் சத்தி எடுத்தவனைப் பார்த்து "இப்பதான் உடம்பு பழகுது" என்பார்கள்.

இந்த மருந்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம். குருநகரிலும் நாவாந்துறையிலும் பாசையூரிலும் மன்னாரிலும் பந்தடி என்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை, கோவில் திருவிழா மாதிரி ஒரு விசயம். அப்படிப்பட்ட ஒரு விசயத்தில் இவ்வளவு சோம்பலான பயிற்சி முறை எப்படி இத்தனை வருசம் தப்பிப் பிழைத்தது என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. சோம்பல் ஓடுகிற பொடியனிடம் இல்லை. விசிலை ஊதிவிட்டுக் கதிரையில் இருக்கிறவரிடம் இருக்கிறது.

முதலில் ஒரு மட்சில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உயர்மட்ட ஆட்டக்காரர் ஒருவர் 90 நிமிடத்தில் கிட்டத்தட்ட 10 தொடக்கம் 12 கிலோமீற்றர் தூரம் போகிறார். இந்த எண்ணைக் கேட்டவுடன் ரவுண்ட் ஓட விடுகிற சேர்மாருக்குச் சந்தோசம் வரும். "பார்த்தியா, பத்துக் கிலோமீற்றர்!" ஆனால் அந்தத் தூரத்தில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும். முழு வேகத்தில் ஓடுவது சிறு பங்குதான். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு தொடக்கம் நாலு செக்கன். அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது அந்த இரண்டு செக்கன். ஜேர்மன் புண்டஸ்லீகாவில் 360 கோல்களை எடுத்து ஆராய்ந்தார்கள், 2012இல் முடிவு வெளிவந்தது. 45 வீதமான கோல்களுக்கு முன்னால், அடித்தவர் நேர்கோட்டில் ஒரு ஸ்பிரிண்ட் போட்டிருந்தார்.

ஆக, மட்ச் கேட்பது ஒரே வேகத்தில் நாற்பது நிமிடம் ஓடுகிற ஆளை இல்லை. முழு வேகத்தில் ஓடி, கொஞ்சம் மூச்சு வாங்கி, திரும்பவும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடக்கூடிய ஆளைத்தான். எழுபதாவது நிமிடத்திலும் அது ஏல வேணும். இதைத்தான் விளையாட்டு விஞ்ஞானத்தில் திரும்பத் திரும்ப ஸ்பிரிண்ட் அடிக்கும் ஆற்றல் என்கிறார்கள். எங்கட மைதானங்களில் இதற்கு ஒரு பெயரே இல்லை. எல்லாவற்றையும் "ஸ்ரமினா" என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டோம்.

இனி உடம்புக்குள் போவோம். ஏ.எல். பயோ படித்தவர்களுக்கு இது லேசு, மற்றவர்கள் பயப்பட வேண்டாம். தசை வேலை செய்ய ஏ.ரி.பி வேணும். முழு வேக ஸ்பிரிண்ட் ஒன்றின் முதல் சில செக்கன்களுக்கு அதை உடனடியாகத் தருவது தசைக்குள் சேமித்து வைத்திருக்கிற கிரியேற்றின் பொஸ்பேற்று. அதோடு சேர்ந்து காற்றின்றிய சுவாசமும் வேலை செய்கிறது. இந்த இரண்டுக்கும் அந்த நேரம் ஒட்சிசன் தேவையில்லை. இதைப் படித்துவிட்டுச் சிலர் உடனே சொல்வார்கள்: "அப்ப ஸ்பிரிண்டுக்கும் காற்றுச் சுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டமே வேண்டாம், ஸ்பிரிண்ட் மட்டும் காணும்." போனில் வீடியோ பார்த்து ஏணி போட்டுத் துள்ளுகிற புதுக் கூட்டம் இதைத்தான் நம்புகிறது. அவசரப்பட வேண்டாம்.

1993இல் வெளிவந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. ஆட்களைச் சைக்கிள் மெசினில் ஏற்றி, 6 செக்கன் முழு வேகம், 30 செக்கன் ஓய்வு, இப்படிப் பத்துத் தடவை மிதிக்க வைத்தார்கள். பத்தாவது தடவையில் சராசரி வலு முதல் தடவையின் 73 வீதத்துக்கு இறங்கிவிட்டது. அதைவிட முக்கியமானது தசையை எடுத்துப் பார்த்தபோது கண்டது. முதல் தடவையில் காற்றின்றி வந்த சக்தியில் கிட்டத்தட்டப் பாதியைத் தந்த கிளைக்கோஜன் உடைப்பு, பத்தாவது தடவையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. அந்தக் கதவு கிட்டத்தட்டச் சாத்தியாச்சு. ஆனாலும் ஆள் முக்கால்வாசி வலுவோடு மிதித்துக்கொண்டிருக்கிறார். எதை வைத்து? ஓய்வு நேரத்தில் திரும்ப நிரம்பிய கிரியேற்றின் பொஸ்பேற்றை வைத்தும், கூடிக்கொண்டு போன காற்றுச் சுவாசத்தை வைத்தும்.

அந்த நிரப்பும் வேலைக்கு ஒட்சிசன் கட்டாயம். தசைக்கு இரத்தம் போகாமல் தடுத்தால் கிரியேற்றின் பொஸ்பேற்று திரும்ப நிரம்பாது, இது பழைய பரிசோதனைகளிலேயே நிறுவப்பட்டது. முதல் ஸ்பிரிண்டை உங்கள் வேகம் ஓடுகிறது. இருபதாவது ஸ்பிரிண்டை ஓட விடுவதில் உங்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தசைக்குள் இருக்கிற இழைமணிக்கும் பங்கு இருக்கிறது. அதனால் ஒட்சிசன் பக்கத்தைப் பயிற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கும் கதிரையில் இருக்கிற சேருக்கும் சண்டை இல்லை. எப்படிப் பயிற்றுவது என்பதில்தான் சண்டை.

நோர்வேயில் யான் ஹெல்கருட் என்பவரும் கூட இருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வை எங்கட ஒவ்வொரு பள்ளிக்கூட விளையாட்டு அறையிலும் ஒட்டி வைக்க வேணும். 19 இளம் ஆட்டக்காரர். ஒரு பாதி பேருக்கு வழமையான பயிற்சியோடு கிழமைக்கு இரண்டு தடவை மேலதிகமாக ஒரு வேலை: நாலு நிமிடம் கடும் ஓட்டம், மூன்று நிமிடம் மெல்லோட்டம், இப்படி நாலு தடவை. கடும் ஓட்டம் என்றால் இதயம் அதன் உச்சத் துடிப்பில் 90 தொடக்கம் 95 வீதத்தில் அடிக்க வேணும். எட்டுக் கிழமை. மற்றப் பாதி பேர் அந்த நேரத்தில் பந்து நுட்பம் பயின்றார்கள். முடிவில் ஓடினவர்களின் உச்ச ஒட்சிசன் கொள்ளளவு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 58.1 மில்லிலீற்றரிலிருந்து 64.3 ஆகியது. மட்சில் போன தூரம் 20 வீதம் கூடியது. பந்தோடு சம்பந்தப்பட்ட தடவைகள் 24 வீதம் கூடின. ஸ்பிரிண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது.

இன்னொரு விசயத்தையும் கவனியுங்கோ. அவர்களின் உச்ச வேகம் கூடவில்லை. பாய்ச்சலும் கூடவில்லை. வேகம் அதேதான், அந்த வேகத்தைப் பாவிக்கிற தடவைகள்தான் கூடின.

நாலு தடவை நாலு நிமிடம், இடையில் மூன்று தடவை மூன்று நிமிடம். மொத்தம் 25 நிமிடம். பத்து ரவுண்டுக்குக் கிட்டத்தட்ட அதே நேரம்தான் போகும். ஆனால் பத்து ரவுண்டில் என்ன நடக்கிறது? முன்னால் ஓடுகிறவன் தன் வேகத்தைப் பார்த்து ஓடுகிறான், நடுவில் இருக்கிறவர்கள் கதைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பின்னால் இருக்கிறவன் சேர் திரும்பினால் நடக்கிறான். வேகமானவனுக்கு அது மிகச் சுகம், உடம்பு பாரித்தவனுக்கு அது மிகக் கஷ்டம். எவருக்கும் தேவையான அளவு கிடைப்பதில்லை. கோல்கீப்பரும் சேர்ந்து பத்து ரவுண்ட் ஓடுவார், ஏனென்று கேட்கக் கூடாது.

சரி, மெல்லோட்டம் முழுக்க வீணா? இல்லை. சீசன் தொடங்க முதல், மாதக் கணக்காகச் சும்மா இருந்த உடம்பை எழுப்ப அது உதவும். பிறகும் அதையே பிடித்துத் தொங்குவதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

"எங்களிட்ட இதயத் துடிப்புப் பார்க்கிற மெசின் இல்லையே" என்று சொல்ல வேண்டாம். கழுத்தில் இரண்டு விரல் வைத்தால் காணும். பதினாறு வயதுப் பொடியனின் உச்சத் துடிப்பு ஏறக்குறைய 200 என்று வைத்தால், 90 வீதம் 180. ஓடி முடித்த உடன் பத்துச் செக்கனுக்கு எண்ணினால் 30. ஆளுக்காள் வித்தியாசம் இருக்கும், ஆனால் 22 எண்ணிக்கொண்டு நிற்கிறவன் வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். ஓடத்தான் வேண்டும் என்றும் இல்லை. நாலுக்கு நாலு பேர், சின்ன மைதானம், வெளியே போன பந்துக்குக் காத்திருக்காமல் உடனே உள்ளே எறிய ஓரத்தில் நாலைந்து பந்து, கரையில் நின்று சத்தம் போடுகிற கோச். இவ்வளவும் இருந்தால் இதயம் அதே இடத்துக்கு ஏறும், காலும் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கோச் சத்தம் போடுவதும் ஆட்டத்தின் கடுமையைக் கூட்டுகிறது என்று ஆய்விலேயே கண்டிருக்கிறார்கள். ஆகவே கதிரையிலிருந்து எழும்ப விஞ்ஞானபூர்வமான காரணமும் இருக்கு.

இங்கே எங்கட பக்க ஆட்களுக்கும் ஒரு கட்டை போட வேண்டியிருக்கிறது. உச்ச ஒட்சிசன் கொள்ளளவைக் கூட்டினால் எல்லாம் சரி என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. அந்தக் கொள்ளளவுக்கும் திரும்பத் திரும்ப ஸ்பிரிண்ட் அடிக்கும் ஆற்றலுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறது, ஆனால் பல ஆய்வுகளில் அது நடுத்தரமானதுதான், சிலவற்றில் அதற்கும் குறைவு. அடிப்படை வேகமே இல்லாதவன் எவ்வளவு மூச்சு வைத்திருந்தாலும் பந்துக்கு இரண்டாவதாகத்தான் போய்ச் சேருவான். வேகத்தைத் தனியாகப் பயிற்ற வேணும், அதற்கு முழு ஓய்வு வேணும். முப்பது மீற்றர் முழு வேகத்தில் ஓடிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் நிற்க வேணும். எங்கட மைதானத்தில் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் என்ன பட்டம் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு எடுப்பது பயிற்சியின் ஒரு பகுதி என்பதை ஒத்துக்கொள்ளாத கோச் வேகமான பிளேயரை உருவாக்கவே ஏலாது. வேகமான பிளேயரை அவர் மெதுவாக்குவார்.

இது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. எங்கட கூட்டில் பள்ளிக்கூட ரீமில் விளையாடின சிலர் இருக்கிறம். எங்களோடு ஒருத்தன் இருந்தான், இடது பக்கக் கரையில் விளையாடுவான், முதல் ஐந்து மீற்றரில் எவராலும் பிடிக்க ஏலாது. இரண்டாவது பாதியில் நடப்பான். அவனுக்குத் தண்டனையாக ரவுண்ட் கொடுத்தார்கள். கூடக் கூடக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு, ரியூசனுக்குப் போய், அங்கிருந்து நேரே வருவான். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பிளேன்ரீ, சில நாள் அதோடு ஒரு பணிஸ். மட்ச் நாளிலும் அப்படித்தான். ஒருவரும் அவனிட்ட என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதில்லை. 1970களின் தொடக்கத்திலேயே சுவீடனில் பெங்ட் சால்ட்டின் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார்: தசையில் கிளைக்கோஜன் குறைவாக மட்சைத் தொடங்கினவர்கள் தாங்கள் போன தூரத்தில் பாதியை நடந்தே கழித்தார்கள். தசையில் நிறைய வைத்திருந்தவர்கள் நடந்தது ஏறக்குறைய கால்வாசி. எங்கட கூட்டாளி ஒரு வருசத்தில் பந்தடியை விட்டான். "அவனுக்கு ஸ்ரமினா இல்ல, மனமும் இல்ல" என்று கோப்பை மூடினார்கள். ஒரு தட்டுச் சோற்றால் தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினையாகவும் இருந்திருக்கலாம். பரீட்சித்துப் பார்க்க எவரும் முயலவில்லை.

தெரிவிலும் இதே கதைதான். ரவுண்டில் முன்னால் வருகிறவன் "ஸ்ரமினாக்காரன்", அவன் உள்ளே. இப்போது சில இடங்களில் கொஞ்சம் முன்னேறி ஸ்பிரிண்ட் ரெஸ்ட் வைக்கிறார்கள், சந்தோசம். இருபது மீற்றர் போய்த் திரும்பி இருபது மீற்றர் வருவது, இருபது செக்கன் ஓய்வு, ஆறு தடவை. இத்தாலிய ஆய்வாளர்கள் பாவித்த நல்ல சோதனை, ஒரு போனும் இரண்டு கல்லும் இருந்தால் நடத்தலாம். ஆனால் கணக்குப் பார்க்கும்போது தவறு நடக்கிறது. ஒரு கணக்குக்கு இப்படி வையுங்கோ: ஒருத்தியின் மிகச் சிறந்த ஓட்டம் 7.0 செக்கன், ஆறும் சேர்த்து 44.1. களைப்பால் இழந்தது 5 வீதம். இன்னொருத்தியின் சிறந்த ஓட்டம் 7.8, ஆறும் சேர்த்து 47.7. இழந்தது 2 வீதத்துக்கும் குறைவு. "இரண்டாவது பிள்ளைக்குத்தான் தாக்குப்பிடிக்கிற சக்தி" என்று முடிவெடுப்பார்கள். சராசரியைப் பார்த்தால் முதலாமவள் 7.35, இரண்டாமவள் 7.95. மட்சில் எந்த நிமிடத்திலும் முதலாமவள்தான் முன்னால் போய்ப் பந்தை எடுப்பாள். மெதுவாகத் தொடங்கினவருக்கு இழக்க அதிகம் இல்லை, அதுதான் அந்த 2 வீதத்தின் இரகசியம். வீதத்தை விட்டுவிட்டுச் சராசரி நேரத்தைப் பாருங்கோ. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனையும் இருக்கிறது, இருபது மீற்றர் போய் வந்து பத்துச் செக்கன் ஓய்வு, வேகம் கூடிக்கொண்டே போகும். அதையும் சேர்த்து வைத்தால் ஒரு ஆளைப் பற்றி ரவுண்ட் சொல்லாத நிறைய விசயம் தெரியவரும்.

பொம்பிளைப் பிள்ளைகளின் ரீம்களைப் பற்றி எழுதாமல் விடேலாது. பல இடங்களில் அவர்களுக்கு மைதானம் கிடைப்பது பொடியள் முடித்த பிறகு, அல்லது தொடங்க முதல் ஒரு முக்கால் மணித்தியாலம். இருட்ட முதல் வீட்டுக்குப் போக வேணும். அந்த முக்கால் மணித்தியாலத்தில் அரை மணித்தியாலத்தை ரவுண்ட் தின்றுவிடும். மிச்சம் பதினைந்து நிமிடத்தில் பந்தைத் தொட்டால் தொட்டதுதான். பிறகு "பிள்ளைகளுக்குப் பந்துக் கட்டுப்பாடு காணாது" என்று விமர்சனம் வேறு.

பழைய பிளேயர்கள் சொல்கிற ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல வேணும், ஏனென்றால் அவர்கள்மேல் எங்களுக்கு மரியாதை இருக்கு. "நாங்கள் ரவுண்ட் ஓடித்தானே வளர்ந்தம், கப் எடுத்தம்." உண்மை, அண்ணைமாரே. ஆனால் நீங்கள் ரவுண்ட் மட்டுமா ஓடினீங்கள்? பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்தீங்கள். சிலர் விடியக் கடலுக்குப் போய் வலை இழுத்துவிட்டு வந்தீங்கள். பின்னேரம் வெளிச்சம் மறையும்வரை ஒழுங்கையில் பந்தடித்தீங்கள், சின்ன இடம், நிறையப் பேர், நிற்காத ஆட்டம். நோர்வேக்காரர் அளந்து செய்ததைப் போல ஒன்றை நீங்கள் அளக்காமல் செய்தீங்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. இன்றைய பொடியனுக்கு அந்த ஒழுங்கை இல்லை, அந்த நேரத்தில் அவன் ரியூசனில் இருக்கிறான். உங்கட பயிற்சியில் பயன் குறைந்த பாகத்தை மட்டும் எடுத்து அவனிடம் கொடுத்தால் எப்படி?

தண்ணீர்ப் பிரச்சினை இதைவிட மோசமானது. பயிற்சிக்கு நடுவில் தண்ணி குடித்தால் வயிற்றில் பிடிக்கும், ஆள் பழுதாகிவிடும் என்ற கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலில், வியர்வை காயாத புழுக்கத்தில், பதினான்கு வயதுப் பிள்ளையைத் தண்ணி இல்லாமல் ஓட விடுவது பயிற்சி இல்லை, ஆபத்து. வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த அளவீடு 32 பாகையைத் தாண்டினால் வளர்ந்த தொழில்முறை ஆட்டக்காரருக்கே இடைவேளை கொடுக்கச் சொல்கிறது பீபா. எங்கட பிள்ளைகள் அவர்களைவிட இரும்பா?

இனி சுற்றுப்போட்டி நடத்துகிற கழகங்களுக்கு. வெளிநாட்டுப் பணம் வருகிறது, பெரிய கேடயம் வருகிறது, அறிவிப்பாளர் வருகிறார், ஒளிவெள்ளம் வருகிறது. வராமல் இருப்பது ஓய்வு நாள் மட்டும்தான். மத்தியானம் அரையிறுதி, பின்னேரம் இறுதி. முழு மட்ச் ஒன்றுக்குப் பிறகு தசையில் கிளைக்கோஜன் திரும்பவும் நிரம்ப இரண்டு மூன்று நாள் எடுக்கிறது. நாலு மணித்தியாலத்தில் ஒரு சோடாவும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்து அதை நிரப்ப ஏலாது. இறுதிப் போட்டியில் இரண்டு ரீமும் நடக்கும், பந்து மட்டும் மேலே பறக்கும், பெனால்ரியில் முடியும், பின்தொடைத் தசை கிழிந்து ஒருத்தன் அடுத்த சீசனை இழப்பான். மதிலில் இருக்கிற ஐயா "பொடியளுக்கு ஸ்ரமினா இல்ல" என்பார். தேசிய மட்டத்தில் நிலைமை எப்படி என்று கேட்டால், 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை பீபா இலங்கையை இடைநிறுத்தியே வைத்திருந்தது. மேலே இருந்து பயிற்சித் திட்டம் வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இந்த வருசத்து நோட்டீஸ்களும் சந்திகளில் ஒட்டத் தொடங்கியாச்சு. கீழே ரீம் பதிவதற்கு ஒரு போன் நம்பர் போட்டிருப்பார்கள். பதிய முதல் அதற்கு எடுத்து, அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில் எத்தனை நாள் விட்டிருக்கிறீங்கள், மட்ச் எத்தனை மணிக்கு, கரையில் தண்ணி வைப்பீங்களா என்று கேளுங்கோ. ஒரு ரீம் கேட்டால் சிரிப்பார்கள். பத்து ரீம் கேட்டால் நோட்டீசை மாற்றி அடிக்க வேண்டி வரும்.